வல்லினமும் இறுகொலியும்

தமிழ் மெய்களை வல்லெழுத்து, மெல்லெழுத்து, இடையெழுத்து என மூன்றாகப் பகுக்கும் முறை தொல்காப்பிய நூன்மரபிற் காணப்படுவது. நன்னூலார் முதலிய பிற்கால ஆசிரியர் அதனையே வல்லினம், மெல்லினம், இடையினம் என வழங்கினர். மேனாட்டு ஒலியியலாருள் ஒரு சாரார் பேச்சொலிகளை இறுக்கமுடையன, நெகிழ்ச்சியுடையன என இருபாற்படுத்துவர். உறுப்புகளின் தசை இறுகி, முயற்சி மிகுந்து, நெடிது நின்று ஒலிப்பன முதல் வகை. தசை தளர்ந்து, முயற்சி குறைந்து, விரைந்து முடிவன மற்றையது. இவ்விரு பகுப்புகளும் சொல்லளவில் ஒத்து நிற்றல் கண்டு, வல்லினம் என்றது இறுகொலியையே, மெல்லினம் என்றது நெகிழொலியையே என்று கூறும் வழக்கம் நம் வகுப்பறைகளிலும் கட்டுரைகளிலும் தலைகாட்டுகிறது. மேனாட்டார் இருபதாம் நூற்றாண்டில் கருவி கொண்டு கண்டதை நம் முன்னோர் கருவியின்றியே கண்டனர் என்னும் பெருமிதமும் இதனோடு சேர்ந்து வருகிறது. அப்பெருமிதத்துக்கு இடம் உண்டா என்பதினும், அவ்வாறு கொள்வதால் தொல்காப்பியம் தெளிவுறுகிறதா, மயங்குகிறதா என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

முதற்கண் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மேனாட்டுக் கலைச்சொற்களை மொழிபெயர்ப்போர் சிலர் வல்லொலி, மெல்லொலி என்னும் சொற்களையே இவற்றுக்கு வழங்குகின்றனர். இதனால் விளையும் இடர்ப்பாடு சிறிதன்று. மெல்லொலி என்றவுடன் தமிழ் மாணவன் உள்ளத்தில் எழுவன ங, ஞ, ண, ந, ம, ன ஆகிய மூக்கொலிகள். மேனாட்டார் கருதுவதோ மூக்கொலியை அன்று. ஆங்கிலத்தின் பகரத்துக்கு எதிராக நிற்கும் குரலுடைப் பகரம் போன்றவற்றை. ஒரு சொல் இரு பொருளுக்கு நின்று, அவ்விரண்டும் ஒரே துறையினவாயின், மாணவன் வழி தவறாதிருத்தல் அரிது. ஆதலின் இக்கட்டுரையில் இறுகொலி, நெகிழொலி என்னும் சொற்களையே ஆள்கின்றோம். வன்மை மென்மை என்பன நம் இலக்கணத்தின் உடைமையாக இருக்கட்டும்.

இனி, மேனாட்டில் இக்கொள்கை வளர்ந்த வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும். வல்லினத்தை அதனோடு ஒப்பிடுவோர் பலர் அதனை முடிந்த முடிபாகக் கருதி மேற்கொள்கின்றனர். அஃது எக்காலத்தும் அவ்வாறு இருந்ததில்லை.

1867இல் அலெக்சாந்தர் மெல்வில் பெல் தம் 'காட்சிப் பேச்சு' என்னும் நூலில் உயிர்களை முதன்மையுயிர், அகலுயிர் எனப் பிரித்தார். அகலுயிரின்கண் தொண்டையறை விரிகிறது என்பது அவர் கூறிய காரணம். பத்து ஆண்டுகளுக்குப் பின் ஹென்றி ஸ்வீட் அப்பகுப்பை ஏற்றுக்கொண்டு, முதன்மையுயிரைக் குறுகுயிர் எனப் பெயர் மாற்றினார். ஆனால் காரணத்தை ஏற்றிலர். நாவின் மேற்பரப்பு இறுகிக் குவிதலும், தளர்ந்து தட்டையாதலுமே வேற்றுமைக்கு ஏது என்றார். இறுக்கம் என்னும் கருத்து இங்ஙனமே உயிர்களிடத்துப் புகுந்தது. ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 1967இல் ஸ்டூவர்ட் என்பார் மேலை ஆப்பிரிக்காவின் அக்கான் மொழியுயிர்களை ஆராய்ந்து, அங்கு இறுக்கம் எனக் கருதப்பட்டது நாவடி முன்னோக்கி நகர்தலே எனக் காட்டினார். நாவடி முன் நகரின் தொண்டையறை விரியும். ஆகவே, பெல் நெகிழ்ந்த உயிர்க்கு உரியதாகக் கூறிய தொண்டை விரிவு, அக்கானில் இறுகிய உயிர்க்கு உரியதாயிற்று! 1969இல் ஹாலேயும் ஸ்டீவன்ஸும் ஆங்கில உயிர்களுக்கும் நாவடி இயக்கமே காரணமாகலாம் என்று கூறினர். அதனையும் பின்வந்தோர் அனைவரும் உடன்படவில்லை. ஒரு நூற்றாண்டுக் காலம் காது கேட்டறிந்த ஒரு வேறுபாட்டுக்கு, உறுப்பியல் வழியே ஒருபடித்தான காரணம் கூற இயலாது இடர்ப்பட்டனர் என்பதே இவ்வரலாறு காட்டும் உண்மை.

மெய்களைப் பொறுத்தவரை வன்னொலி, தணிவொலி எனப் பொருள்படும் இலத்தீன் சொற்களைப் புகுத்தியவர் யோஸ்ட் வின்டெலர் என்பர். 1876இல் வெளிவந்த அவரது நூல் சுவிட்சர்லாந்தின் கிளாரஸ் பகுதியைச் சார்ந்த கேரென்சன் வட்டார வழக்கைப் பற்றியது. அவ்வழக்கில் தடையொலிகள் இருவகைப்படும். இருவகையும் குரல்நாண் அதிர்வின்றியே ஒலிப்பன. ஆதலின் குரலுடைமை குரலின்மை என்னும் பகுப்பு அவருக்குப் பயன்படவில்லை. வேறொரு சொல் வேண்டியிருந்தது. இச்சொற்கள் ஒரு மொழியின் தேவையால் பிறந்தவை என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். அத்தேவை இல்லாத மொழிகளுக்கும் அவற்றைப் பின்வந்தோர் விரித்தனர்.

யாக்கோப்சன், ஃபான்ட், ஹாலே மூவரும் 1952இல் வெளியிட்ட நூலில், உலக மொழிகளின் ஒலியன்களையெல்லாம் பன்னிரண்டு இணைக் கூறுகளுள் அடக்க முயன்றனர். அவற்றுள் ஒன்று இறுக்கம்-நெகிழ்ச்சி. இறுகொலி நீண்ட காலமும் மிக்க ஆற்றலும் உடையது. வாயறையின் இயல்பு நிலையினின்று மிகுதியும் விலகுவது. நெகிழொலி அதற்கு மறுதலை என்பது அவர்தம் கருத்து. உயிர்க்கும் மெய்க்கும் இஃதொன்றே பொதுவாம். யாக்கோப்சனும் ஹாலேயும் இப்பொருள் பற்றித் தனியே எழுதிய கட்டுரை, டேனியல் ஜோன்ஸுக்கு அளிக்கப்பெற்று 1964இல் வெளிவந்த பாராட்டு மலரிலும் இடம் பெற்றது. ஜோன்ஸோ இறுக்கம் நெகிழ்ச்சி என்னும் விளக்கத்தை ஐயுற்றவர். ஆங்கில உயிர்களை நீளங்கொண்டு பிரித்தலையே பெரிதும் விரும்பியவர். ஐயுற்ற ஆசிரியரின் மலரிலேயே அக்கொள்கை அரங்கேறியது சுவையான நிகழ்ச்சி.

ஆற்றல் மிகுதி என்பதை அளந்து காட்டுதல் எளிதாக இல்லை. 1960களில் உதட்டுத் தசையின் மின்னியக்கத்தை அளந்தோர் ஆங்கிலத்தின் இருவகைப் பகரங்களுக்கும் இடையே உறுதியான வேறுபாடு கண்டிலர். அளவிடக் கிடைத்தது காலமே. 1957இல் லிஸ்கர் என்பார் ஆங்கிலச் சொற்களின் இடையில் வரும் இருவகைப் பகரங்களின் அடைப்புக் காலத்தை அளந்தார். குரலிலாப் பகரத்தில் உதடுகள் மூடியிருக்கும் காலம் மற்றையதினும் நெடிது. ஒலிநாடாவில் அவ்வமைதியைக் குறைத்தபோது, நம் ரூபாயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் மாணிக்கத்தைக் குறிக்கும் சொல்லாகக் கேட்டது. தசையின் இறுக்கத்தை ஒருவரும் தொடவில்லை. அமைதியின் நீளத்தை வெட்டியது ஒன்றே. காலமே செய்யும் தொழிலுக்கு ஆற்றல் என்னும் பெயர் வேண்டுமா என்னும் வினா இங்கே எழுகிறது. மாத்திரை கொண்டு எழுத்தை அளந்த மரபினராகிய நமக்கு இவ்வினா புதிதன்று.

இனித் தொல்காப்பியத்துக்கு வருவோம். பிறப்பியலில் ஆசிரியர் க-ங, ச-ஞ, ட-ண, த-ந, ப-ம ஆகியவற்றை இணையிணையாகவே கூறுகிறார். ககரத்துக்கும் ஙகரத்துக்கும் நாவின் தொழில் ஒன்றே. அண்ணத்தில் தொடும் இடமும் ஒன்றே. மெல்லெழுத்தாறும் தமக்குரிய இடங்களிற் பிறப்பினும் மூக்கின் வளியால் இசைப்பன என்பது அவர் பின்னர்த் தனியே கூறும் வேறுபாடு. ககரத்துக்கு நா வலிதாக ஒற்றும், ஙகரத்துக்கு மெலிதாக ஒற்றும் என்று அவர் யாண்டும் கூறிற்றிலர். இறுக்கமே வன்மைக்கு ஏதுவாயின், அதனைக் கூறுதற்கு உரிய இடம் அதுவே. அங்கு அவர் வாளா இருந்தார்.

றகரத்தையும் ரகரத்தையும் நோக்கின் இது மேலும் விளங்கும். றகர னகரங்களுக்கு நுனிநா அண்ணத்தை ஒற்றும் என்றும், ரகர ழகரங்களுக்கு நுனிநா அண்ணத்தை வருடும் என்றும் ஆசிரியர் கூறுகிறார். ஒற்றுதல், வருடுதல் ஆகிய இரு வினைகளிலேயே வேறுபாடு முடிந்துவிடுகிறது. முன்னதில் வளி தடையுறும், பின்னதில் தடையுறாது. வளி முற்றும் தடைபட்டு, மூக்கின் வழியும் செல்லாதாயின் அது வல்லெழுத்து. வாயில் தடைபட்டு மூக்கின் வழிச் செல்லின் மெல்லெழுத்து. முற்றும் தடைபடாதாயின் இடையெழுத்து. பிறப்பியலைப் படிப்பார்க்கு இம்மூன்று நிலைகளும் தெளிவாகப் புலனாகும். இவை தடை பற்றிய பகுப்பு, தசை பற்றியன அல்ல.

றகரம் பற்றி இன்னொன்றும் கூறுதல் வேண்டும். இன்று பெரும்பாலான வட்டாரங்களில் மரம், மறம் ஆகிய சொற்களில் ரகர றகரங்கள் வேறுபாடின்றி ஒலிக்கின்றன. வேறுபாடு போற்றும் இடங்களிலும் உயிரிடை றகரம் நா பலமுறை அதிரும் ஆடொலியே, தடையொலி அன்று. வெற்றி, காற்று என இரட்டித்த இடத்திலேயே பழைய தடையொலியின் சுவடு எஞ்சியிருக்கிறது. எனினும் பள்ளியில் 'வல்லின ற' என்று பெயர் சொல்லி, அதனை அழுத்தி ஒலிக்குமாறு பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றனர். வல்லினம் என்னும் பெயரிலிருந்து ஒலியை வருவிக்கும் முயற்சி இது. இலக்கணத்தில் றகரம் வல்லெழுத்தாயது அதனை அழுத்தி ஒலித்தமையால் அன்று. னகரத்தோடு இனமாகிப் பிற வல்லெழுத்துகளைப் போலப் புணர்ச்சியில் தொழிற்பட்டமையாலும், அக்காலத்து ஒற்றொலியாக இருந்தமையாலும் ஆம்.

உரையாசிரியர் வழிநின்று ஒரு தடை எழுப்பலாம். இளம்பூரணர், வல்லென்று இசைத்தலாலும் தலைவளியாற் பிறத்தலாலும் வல்லெழுத்து எனப்பட்டது என்பர். நன்னூலார் வல்லினத்துக்கு மார்பையும், மெல்லினத்துக்கு மூக்கையும், உயிர்க்கும் இடையினத்துக்கும் மிடற்றையும் இடமாகக் கூறுவர். அவர் ஆளும் உரம் என்னும் சொல் மார்பையும் வலிமையையும் ஒருங்கே குறிப்பதாகலின், நுரையீரலினின்று எழும் வளியின் அழுத்த மிகுதியையே அவர் உணர்த்தினார் எனவும், இஃது இறுகொலிக் கொள்கையே எனவும் கூறுவாருளர். சொல்வளம் கொண்டு எழுப்பிய இக்கட்டடம் நில்லாது. மார்பு என்னும் ஆசிரியர்க்கும் தலை என்னும் உரையாசிரியர்க்கும் இடையே உள்ள மாறுபாடு ஒன்றே இவை கருவியால் அளந்து கண்ட உறுப்பியல் உண்மைகள் அல்ல எனக் காட்டப் போதும். மூவகை ஒலிகளுக்கும் மூன்று இடங்களை வரிசையுற அமைக்கும் மரபே இருவரிடத்தும் காணப்படுகிறது. ஆயினும், இளம்பூரணர் கூறிய முதற்காரணம், அஃதாவது வல்லென்று இசைத்தல், பெரிதும் போற்றத்தக்கது. அது காதுக்குப் புலனாவது; பேசுவோன் தசைக்கு உரியதன்று, கேட்போன் செவிக்கு உரியது. செய்யுளியலில் வல்லெழுத்து மிக்க யாப்பை வல்லிசை வண்ணம் என்றும், மெல்லெழுத்து மிக்கதை மெல்லிசை வண்ணம் என்றும், இடையெழுத்து மிக்கதை இயைபு வண்ணம் என்றும் ஆசிரியர் பெயரிட்டதும் இசை பற்றியே. அங்கும் முயற்சி பற்றிய குறிப்பு இல்லை.

வல்லினத்தை இறுகொலி எனக் கொள்வார்க்கு நேரும் பெரிய இடர்ப்பாடு வல்லினத்துக்குள்ளேயே இருக்கிறது. பக்கம், பங்கம், பகல் என்னும் மூன்று சொற்களிலும் எழுத்தால் ககரம் ஒன்றே. ஒலியாலோ மூன்று வேறு. முதலதில் குரலில்லா நெடிய தடையொலி. இரண்டாவதில் குரலுடைத் தடையொலி. மூன்றாவதில் தடையே முற்றுப்பெறாது காற்று உரசிச் செல்லும் ஒலி. கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில், 1856இலேயே, மொழி முதலிலும் இரட்டித்த இடத்தும் வல்லினம் குரலின்றியும், இடையில் தனித்து நிற்குங்கால் குரலுடனும் ஒலித்தலை ஒரு விதியாக வகுத்தார். ஒலியியல் நோக்கில் ஃபெர்த் 1934இல் தமிழ் ஒலிப்புப் பற்றி வரைந்த குறிப்புகள் ஆர்டனின் இலக்கணத்தோடு இணைந்து வெளிவந்தன. இவ்வொலிகளுள் இறுகொலி எனத்தக்கது ஒன்று உளதாயின் அது பக்கம் என்பதன் ககரமே. பகல் என்பதன் ககரம் மேனாட்டார் கொள்கைப்படி நெகிழொலியின் தலைசிறந்த எடுத்துக்காட்டு. இரண்டும் வல்லினமே! ஆகவே இறுக்கமும் நெகிழ்ச்சியும் தமிழில் வல்லினத்தையும் மெல்லினத்தையும் பிரிக்கும் எல்லைக்கோட்டில் இல்லை. உளவாயின், வல்லினத்தின் அகத்தே உள்ளன. இஃதொன்றே அவ்வொப்பீட்டை வீழ்த்தப் போதும் எனக் கருதுகின்றோம்.

அற்றேல், வல்லினத்தின் அகத்தேனும் இக்கொள்கையை ஏற்றல் தகுமோ எனின், அது நுணுகி ஆராய வேண்டியது. பக்கம் என்பதிலுள்ள க்க என்னும் தொடரை இரண்டு மெய் எனக் கொள்ளாது, நீண்டு இறுகிய ஒரு மெய் எனக் கொள்ளலாம்; பகல் என்பதன் ககரத்தை அதற்கு எதிரான நெகிழ்மெய் எனலாம். அங்ஙனம் கொள்ளின் தமிழுக்குக் குரலுடைமை பற்றிய பேச்சே வேண்டுவதில்லை. கேரென்சன் வழக்கைப் போலத் தமிழும் ஆகும். 1958இல் லிஸ்கர் எழுதிய கட்டுரை ஒன்றின் தலைப்பே தமிழ்த் தடையொலிகள் குறுமை நெடுமையால் வேறுபடுவனவா, குரலுடைமை குரலின்மையால் வேறுபடுவனவா என்னும் வினாவாக அமைந்தது. வினா செவ்விய வினாவே. ஆயினும் விடைகாணத் தமிழ் யாப்பையும் புணர்ச்சியையும் உசாவுதல் வேண்டும். கருவி ஒன்றையே உசாவுதல் போதாது.

அடை என்னும் சொல் குறிலிணையாகி நிரையசை ஆகும். அட்டை என்பது நேரும் நேரும் ஆகி ஈரசை பெறும். டகரம் ஒன்றாயினும் இறுகிற்று எனக் கொள்வோமாயின், அட்டையும் குறிலிணையாகவே அலகு பெறுதல் வேண்டும். எந்தச் செய்யுளிலும் அவ்வாறு பெறுவதில்லை. முன்னின்ற ஒற்று முதலசையை மூடுகிறது. பின்னின்ற மெய் அடுத்த அசையைத் தொடங்குகிறது. ஈரெழுத்தாகக் கொண்ட தொல்லாசிரியர் துணிபுக்கு யாப்பு சான்று பகர்கிறது. நெட்டுயிர்க்குப் பின் இச்சான்று கிட்டாது. பாகு, பாக்கு இரண்டும் அலகில் வேறுபடா. ஆனால் அங்கே புணர்ச்சி உதவிக்கு வருகிறது. பாக்கு என்பது வன்றொடர்க் குற்றியலுகரமாதலின் 'பாக்குக் கொடுத்தான்' என வல்லினம் மிகும். பாகு என்பது நெடிற்றொடராதலின் 'பாகு கொடுத்தான்' என இயல்பாம். பாகு என்பதன் ஈற்றிலும் உகரம் ஊர்ந்து நிற்பது வல்லெழுத்தாகிய ககரமே. இருந்தும் அதனை ஒருவரும் வன்றொடர் என்றிலர். உகரத்தை ஊர்ந்த மெய்க்கு முன் மற்றொரு வல்லொற்று நின்றாலன்றி அப்பெயர் பொருந்தாது. தனித்த ககரத்துக்கும் இரட்டித்த ககரத்துக்கும் உள்ள வேறுபாட்டை இலக்கணம் நன்கு உணர்ந்திருந்தது. அதனை எழுத்தின் எண்ணிக்கையால் உணர்த்தியது.

இந்நிலையில் கொரிய மொழியோடு ஒப்பிடுதல் பயன் தரும். இறுகொலி என்னும் கூறு இன்றியமையாதது எனக் காட்டுவோர் முதலிற் சுட்டும் மொழி அதுவே. அதன் தடையொலிகள் இயல்பொலி, இறுகொலி, மூச்சொலி என மூவகைப்படும். மொழி முதலில் மூன்றும் குரல்நாண் அதிர்வின்றியே தொடங்குவன. 1964இல் லிஸ்கரும் ஏபிராம்சனும் பதினொரு மொழிகளின் மொழிமுதல் தடையொலிகளை ஆராய்ந்து, அடைப்பு நீங்கும் கணத்துக்கும் குரல் தொடங்கும் கணத்துக்கும் உள்ள இடைவெளி ஒன்றே பெரும்பாலான மொழிகளின் பகுப்பை விளக்கும் எனக் காட்டியபோது, கொரியத்தில் வகைகளின் அளவுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன. மறு ஆண்டே கிம் என்னும் அறிஞர் அதனைப் பற்றிக்கொண்டு, இறுக்கம் என்பது குரலுடைமையிலும் மூச்சுடைமையிலும் அடங்காத தனிக்கூறு என வாதிட்டார். கொரிய எழுத்தில் இறுகொலியை இயல்பெழுத்தை இரட்டித்தே எழுதுவர். நம் க்க போலவே தோன்றும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கொரியத்தில் அவ்விரட்டை எழுத்து மொழிக்கு முதலிலும் வரும். அங்கே அசையை மூடுதற்கு முன்னோர் உயிர் இல்லை. அதனால் அதனை இரு மெய் எனல் பொருந்தாது, ஒரு மெய் என்றே கொள்ளல் வேண்டும். தமிழில் க்க என்பது மொழி முதலில் ஒருபோதும் வாராது. எழுத்தின் தோற்றம் ஒத்திருப்பினும் ஒலியமைப்பு ஒவ்வாது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை. இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிவந்த ஆய்வுகள், சியோல் நகர இளையோர் பேச்சில் இயல்பொலியும் மூச்சொலியும் அடுத்து வரும் உயிரின் சுருதி ஏற்றத்தாழ்வினாலேயே மிகுதியும் பிரித்தறியப்படுதலைக் காட்டின. ஒலியன்களின் வேறுபாடு நிலைத்திருக்க, அதனைத் தாங்கும் ஒலிக்கூறு ஒரு தலைமுறையில் இடம் பெயரக்கூடும் என்பதை நாம் மறத்தலாகாது.

மேற்கூறிய 1964ஆம் ஆண்டு ஆய்வில் தமிழும் இடம் பெற்றது. டச்சு, ஹங்கேரியம் முதலியவற்றோடு இருவகைத் தடையொலி உடைய மொழியாக வைக்கப்பட்டது. இது பற்றி ஒரு கருத்து வேறுபாட்டைக் கூறாதிருத்தல் இயலாது. மொழி முதலில் குரலுடைத் தடையொலி தமிழில் வருவது பெரும்பாலும் வடசொற்களிலும் பிறமொழிச் சொற்களிலுமே. தீவினையைக் குறிக்கும் பாவமும், மெய்ப்பாட்டைக் குறிக்கும் பாவமும் எழுத்தால் ஒன்றாயினும் கற்றோர் பலர் நாவில் வேறாக ஒலிக்கின்றன. குணம், பயம் முதலியனவும் அவ்வாறே. இன்றைய பேச்சை ஆராய்வோர் இவற்றைக் கணக்கிற் கொள்ளுதல் முறையே. ஆனால் தொல்காப்பியனார் கண்ட தமிழின் ஒலியமைப்புக்கு இதனைச் சான்றாகக் காட்டுதல் முறையன்று. வடசொல்லைத் தமிழாக்குங்கால் வருக்கத்தின் இரண்டாம், மூன்றாம், நான்காம் எழுத்துகள் முதலெழுத்தாகத் திரியும் என நன்னூலார் விதித்தது, அவ்வேறுபாட்டை அறியாமையால் அன்று. தமிழில் அது பொருளை வேறுபடுத்தாமையால். இதனை உணராதார், வருக்கந்தோறும் ஒரே வல்லெழுத்து உடைமையால் தமிழ் நெடுங்கணக்கு குறையுடையது என்பர். வல்லினத்தில் இறுகொலியைக் காண்போர் மிகைபடக் கூறுகின்றனர்; இவர் குன்றக் கூறுகின்றனர். இருவரும் எழுத்தையும் ஒலியையும் ஒன்றாக மயங்குதலில் ஒத்தவரே.

மூக்கொலிக்குப் பின்வரும் வல்லினம் நெகிழொலிதானா என்பதும் ஐயத்துக்குரியது. பங்கம் என்பதில் ஙகரத்துக்காக நா ஏற்கெனவே அண்ணத்தை ஒற்றி நிற்கிறது, குரல்நாணும் அதிர்ந்துகொண்டிருக்கிறது. மூக்கின் வழி அடைபட்ட அளவிலேயே ககரம் பிறந்துவிடும். ஒற்று முற்றானது, தளர்ச்சி சிறிதும் இல்லை. பகல் என்பதிலோ ஒற்றே முற்றுப்பெறவில்லை. ஒன்றில் குரல் தொடர்கிறது, மற்றொன்றில் தடை கழல்கிறது. இரண்டையும் நெகிழ்ச்சி என்னும் ஒரு பெயரால் அழைப்பது விளக்கமாகாது. நட்பு, கற்பு, வெட்கம் என்பனவற்றில் வல்லொற்றை அடுத்த தனி வல்லினம் இரட்டியாமலே குரலின்றி ஒலிப்பதும் சூழலின் விளைவே. ஒவ்வொன்றுக்கும் அண்டை ஒலியே காரணமாகி நிற்க, இறுக்கம் என்னும் கூறு செய்யும் தொழில் யாது என்று வினவத் தோன்றுகிறது.

உயிர்களிடத்தும் இவ்வாராய்ச்சியைச் சிறிது செலுத்தலாம். ஆங்கிலத்தின் பிட், பீட் போன்ற இணைகளைத் தமிழ் மாணவர் இகர ஈகாரங்களாகவே கேட்கின்றனர், ஒலிக்கின்றனர். ஆங்கில ஆசிரியர்கள் இதனைக் குறையாகக் கூறுவர். தமிழ் இகரமும் ஈகாரத்தினும் சற்றுத் தாழ்ந்து நடுநோக்கி ஒலிப்பதே எனினும், வேறுபாட்டைத் தாங்குவது மாத்திரையே. ஆங்கிலத்தில் நெகிழ்ந்த உயிர் அழுத்தம் பெற்ற ஓரசைச் சொல்லின் ஈற்றில் தனித்து நிற்காது. மெய் ஒன்று அதனை மூடுதல் வேண்டும். துருபெத்ஸ்காய் 1939இல் இதனை உயிர்க்கும் அடுத்த மெய்க்கும் உள்ள நெருங்கிய தொடர்பு என விளக்கினார். தமிழிலும் இதனை ஒத்த ஒரு நிலை உண்டு. நெட்டெழுத்து ஓரெழுத்தொருமொழியாகும், குற்றெழுத்து ஐந்தும் தனித்து மொழி நிரப்பா என்பது தொல்காப்பியனார் கொள்கை. நன்னூலார் ஓரெழுத்தொருமொழிகளை நாற்பத்திரண்டாக எண்ணி, அவற்றுள் நொ, து என்னும் இரண்டே குறில் என்பதும் அதனை வலியுறுத்தும். இவ்வொற்றுமையை எளிதில் தள்ளிவிட இயலாது. ஆயினும் பல, கடி, அது எனக் குறில் ஈற்றில் வருதலைத் தமிழ் தடுக்கவில்லை. ஒரு மாத்திரை மட்டும் சொல்லாகாது என்பதே தடை. ஆங்கிலத் தடையையும் இவ்வளவில் காலத்தின் குறைபாடாகக் கொண்டால், அங்கும் இறுக்கத்தை அழைக்க வேண்டுவதில்லை எனலாம். அது ஆங்கிலம் ஆராய்வார் முடிவு செய்ய வேண்டியது.

குற்றியலுகரம் ஒன்றே தமிழில் நெகிழுயிர் எனத்தக்க தகுதி உடையதாகத் தோன்றுகிறது. காசு, பாட்டு என்பனவற்றின் ஈற்றில் இதழ் குவியாமல், நா இயல்பு நிலையினின்று பெரிதும் விலகாமல் உகரம் மெல்ல மறைகிறது. யாக்கோப்சன் முதலியோர் நெகிழ்ச்சிக்குக் கூறிய இலக்கணங்களாகிய குறுகிய காலம், குறைந்த ஆற்றல், இயல்பு நிலைக்கு அண்மை ஆகிய மூன்றும் இங்கு ஒருங்கே அமைந்துள்ளன. இலக்கண ஆசிரியரோ காலம் ஒன்றையே எடுத்து அரை மாத்திரை என்றனர். இன்றைய பேச்சில் பசு, நடு என்னும் முற்றியலுகரங்களும் பெரிதும் இதழ் குவியாமலே ஒலிக்கக் கேட்கின்றோம். ஆதலின் இதழ்குவிவு இன்மை குற்றியலுகரத்துக்கே உரிய அடையாளமாக இன்று இல்லை. வல்லினத்தில் இறுகொலியைத் தேடுவோர் அத்தேட்டத்தை இவ்வுகரத்தின்பால் திருப்பினால் கிடைக்கும் பயன் மிகுதி.

வல்லினம் பற்றி ஓரிடம் மட்டும் இன்னும் தெளியவில்லை. சார்பு, பார்ப்பு ஆகியவற்றில் ரகரத்துக்குப் பின் தனித்த பகரமும் இரட்டித்த பகரமும் எதிர்நிற்கின்றன. வாழ்த்து, ஈர்ப்பு முதலியனவும் அவ்வாறே. இங்கே முதலசையை ரகரமோ ழகரமோ முன்னரே மூடிவிட்டது. நெட்டுயிர்க்குப் பின்னராதலின் அலகும் வேறுபடுவதில்லை. இவ்வீரொற்று உடனிலையில் நிற்கும் ப்ப என்பது மெய்யாகவே இரு மெய்யளவு நீள்கிறதா, அன்றிக் குரலின்மையால் மட்டும் வேறுபடும் ஒரு பகரமா என்பதைப் பல வட்டாரத்தார் பேச்சில் அளந்து காணல் வேண்டும். நீளவில்லை எனக் காணப்படின், எழுத்தில் இரட்டித்தல் குரலின்மையைக் குறிக்கும் குறியாகவே அவ்விடத்து நிற்கிறது என்று கொள்ள நேரும். யாப்பும் புணர்ச்சியும் காட்டும் பிற இடங்களில் அஃது ஈரெழுத்தேயாம்.